கடுகின் புரதம் போகும் வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இம்மேடையிலே கம்பரையும் வள்ளுவரையும் பற்றிப் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்து வந்திருக்கிறோம். இவ்வாண்டு அடுப்பங்கரையைப் பற்றியும் ஒரு பேச்சு இருக்கட்டும் என்று மாதர் பிரிவினர் விரும்பினர். அப்பணி எம் தலையில் வந்து விழுந்தது. யாம் புலவரும் அல்லோம், மருத்துவரும் அல்லோம், சரக்கு அலுவலகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் எழுத்தரே ஆவோம். ஆயினும் இக்கோட்டா நகரில் மூட்டைக் கணக்கு எழுதுவோர் எவர்க்கும் கடுகைப் பற்றிச் சிறிதளவேனும் தெரியாமல் இராது. ஆகவே கடுகைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

ஐப்பசியில் விதைத்து, மார்கழி தை மாதங்களில் பூத்து, மாசி பங்குனியில் அறுவடையாகும் பயிர் இது. சம்பல் ஆற்றுக் கால்வாய் பாயும் வயல்கள் பனிக்காலத்தில் மஞ்சட் பட்டு விரித்தாற் போலக் காட்சி தருவதை இரயில் பலகணி வழியே நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். 2023-24ஆம் ஆண்டில் இந்திய நாட்டில் விளைந்த கடுகு சுமார் 132 இலட்சம் டன். அதில் ஏறக்குறைய பாதியை விளைவித்தது நாம் வாழும் இந்த இராஜஸ்தான் மாநிலமே. நம் தாயகத்தில் கடுகு என்றால் தாளிதத்துக்கு ஒரு சிட்டிகை. சங்க நூல்கள் ஐயவி என்று கூறும் வெண்சிறுகடுகைப் புகைத்துக் காப்பிடும் வழக்கமும் பண்டு இருந்தது. இவ்வூராருக்கோ கடுகு என்பது எண்ணெய். பூரி பொரிப்பதும் அதில். ஊறுகாய் போடுவதும் அதில். குழந்தைக்குத் தேய்ப்பதும் அதிலேயே. ‘கடுகெண்ணெய் உண்டால் உடல் உரம் பெறும்’ என்பது இவ்வூர்ப் பெரியோரின் உறுதியான நம்பிக்கை. நம் காலனிக் குடும்பங்களிலும் அந்நம்பிக்கை மெல்ல மெல்ல வேரூன்றி வருகிறது. அந்நம்பிக்கையில் உண்மை எவ்வளவு என்பதைச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கம்.

உரம் என்று நாம் சொல்லுவது தசை, எலும்பு, குருதி ஆகியவை வளர்ந்து உறுதிப்படுவதை. அவ்வளர்ச்சிக்கு முதன்மையாக வேண்டுவது புரதம். 1945ஆம் ஆண்டு கனடா நாட்டின் கியூபெக் நகரில் தோன்றி, இன்று ரோம் நகரில் இயங்கும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம், உலக நாடுகளின் உணவு இருப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டு வருகிறது. நாட்டு வாரியாக, பண்டம் வாரியாக, ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி, எத்தனை கிராம் கொழுப்பு, எத்தனை கிராம் புரதம் கிடைக்கின்றன என்பதை அது கட்டம் கட்டமாகக் காட்டும். அதில் ‘கடுகு மற்றும் ரேப் எண்ணெய்’ என்று தனியே ஒரு வரி உண்டு. அவ்வரியில் கொழுப்புக் கட்டம் நிறைந்திருக்கும். கலோரிக் கட்டமும் நிறைந்திருக்கும். புரதக் கட்டத்தைப் பார்த்தாலோ இந்தியாவாயினும், வங்காள தேசமாயினும், சீனமாயினும், கனடாவாயினும், அங்கே நிற்பது சுழியம் அல்லது சுழியத்தை ஒட்டிய எண்ணே. நாடுகள் பலவாயினும் விடை ஒன்றுதான்.

அச்சுப்பிழையோ என்று ஐயுற வேண்டா. புரதம் எண்ணெயில் கரைவதில்லை. விதையை அழுத்தும்போது கொழுப்பு வழிந்து வெளியேறுகிறது. புரதம் சக்கையோடு தங்கிவிடுகிறது. செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் இதுவே நிகழும். செக்கெண்ணெயில் கலங்கலாக மிதக்கும் நுண்துகள்களில் அணுவளவு புரதம் இருக்கலாம். கடுகு ஒவ்வாதவர்க்கு அரிப்பும் தடிப்பும் உண்டாக்க அது போதும். உடலை வளர்க்கப் போதாது.

கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். நூறு கிலோ கடுகில் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ வரை புரதம் உண்டு. அந்நூறு கிலோவை ஆலையில் இட்டால் மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றே மிகுதியாக எண்ணெய் கிடைக்கும். எஞ்சியது பிண்ணாக்கு. புரதம் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடுவதால் பிண்ணாக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதமாகவே இருக்கும். நாம் மதித்து உண்ணும் துவரம்பருப்பில் நூற்றுக்கு 22 பங்களவே புரதம் உள்ளது. ஒன்றும் அறியாதவனைப் ‘பிண்ணாக்கு’ என்று ஏசும் வழக்கம் நம்மிடையே உண்டு. இக்கணக்கைப் பார்த்தபின் அவ்வசவு எத்துணைப் பொருந்தும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எமது அலுவலகத்தின் ஏடுகளிலும் இக்கதையைக் காணலாம். விதை ஒரு திசையிலிருந்து வரும். எண்ணெய் டின்களிலும் டாங்கிகளிலும் ஒரு திசையில் செல்லும். பிண்ணாக்கு மூட்டை மூட்டையாக வேறொரு திசையில் செல்லும். இவ்வூரார் பிண்ணாக்கைக் குறிக்கும் சொல் நம் காதுக்குக் ‘கல்’ என்றே கேட்கும். புதிதாக வந்த தமிழ்ப் பணியாளர் சிலர், ‘கல்லையா மாட்டுக்குப் போடுகிறார்கள்?’ என்று வியந்ததும் உண்டு.

அந்த மூட்டைகள் எங்கே போகின்றன? நாட்டுக்கு நாடு இவ்வழி வேறுபடுகிறது. நம் நாட்டில் ஒரு பகுதி எருமைக்கும் பசுவுக்கும் தீவனமாகிறது. மற்றொரு பகுதி, எஞ்சிய எண்ணெயும் நீக்கப்பட்டு, காண்ட்லா போன்ற மேற்குக் கரைத் துறைமுகங்கள் வழியே தென் கொரியா, தாய்லாந்து, வங்காள தேசம் முதலிய நாடுகளுக்குத் தீவனமாகக் கப்பலேறுகிறது. நாமோ உண்ணும் எண்ணெயில் பாதிக்கு மேல் அயல்நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறோம். கொழுப்பை வாங்குகிறோம்; புரதத்தை விற்கிறோம். சீனத்தில் குளத்து மீன்களுக்கு இதன் பிண்ணாக்கு இரையாகிறது. ஜப்பானில் இதனைப் பயிருக்கு உரமாக இடும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஜெர்மனியில் எண்ணெயின் ஒரு பகுதி வண்டிகளுக்கு எரிபொருளாகிறது. பிண்ணாக்கு கறவை மாடுகளுக்குப் போகிறது. கனடாவின் பிண்ணாக்கில் பெரும்பகுதி எல்லை தாண்டி அமெரிக்கப் பால் பண்ணைகளைச் சென்றடைகிறது. ஆகக் கடுகின் புரதம் மனிதனை அடைவதாயின் மாட்டின் வழியாகவோ மீனின் வழியாகவோ கோழியின் வழியாகவோதான் அடைய வேண்டும். மாடு தான் உண்ட புரதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே பாலாகத் திருப்பித் தரும். எஞ்சியது அதன் உடலுக்கும் சாணத்துக்கும் போய்விடும்.

‘இத்துணைப் புரதம் உள்ள பிண்ணாக்கை மனிதரே உண்ணலாகாதா?’ என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். நல்ல வினா. விடை கடுகின் காரத்தில் இருக்கிறது. முழுக்கடுகை வாயிலிட்டால் உடனே காரம் தெரிவதில்லை. அரைத்து நீர் விட்டபின்தான் மூக்கில் ஏறுகிறது. விதைக்குள் குளுக்கோசினோலேட்டு என்னும் கந்தகம் சேர்ந்த பொருளும், அதனைச் சிதைக்கும் ஒரு நொதியும் தனித்தனி அறைகளில் அடைபட்டுக் கிடக்கின்றன. அரைக்கும்போது அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காரம் பிறக்கிறது. பூச்சி புழுக்களை விரட்டக் கடுகுச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. தாளிதத்தின் அளவில் அது நமக்குச் சுவை. தட்டு நிறையப் பிண்ணாக்கு உண்டாலோ அப்பொருள்கள் கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி அயோடினைப் பயன்படுத்தவொட்டாமல் தடுக்கும். கோழிக்கும் பன்றிக்கும் இப்பிண்ணாக்கை அளவுக்கு மிஞ்சி இட்டால் வளர்ச்சி குன்றும். அசைபோடும் விலங்குகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். எனவே, புரதம் உண்டென்று கேட்டவுடன் எவரும் தீவனக் கடையை நோக்கி நடந்துவிட வேண்டா.

இத்தடையை நீக்கிய வரலாறு இருப்புப்பாதைக் குடும்பத்தினராகிய நாம் கேட்கத் தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து முதலிய நாடுகளில் இரயில் விளக்குகளும் கலங்கரை விளக்கங்களும் எரிந்தது கடுகின் உடன்பிறப்பாகிய ரேப் விதை எண்ணெயில். நீராவியும் நீரும் படும் உலோகத்தில் வழுக்கிவிடாமல் ஒட்டி நிற்பது அவ்வெண்ணெயின் தனிக்குணம். அதனால் இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களின் நீராவி எஞ்சின்களுக்கு மசகெண்ணெய் வேண்டிக் கனடா நாட்டார் இப்பயிரைப் பெருமளவில் விதைக்கத் தொடங்கினர். போர் முடிந்தது, டீசல் வந்தது, நீராவி எஞ்சின் ஓய்ந்தது. பயிரிட்ட உழவர்க்குச் சந்தை இல்லை. மசகெண்ணெயாக இருந்ததை உண்ணும் எண்ணெயாக மாற்றினாலன்றி வழியில்லை என்ற நிலை உண்டாயிற்று.

அதற்கு இரண்டு குறைகள் தடையாக நின்றன. எண்ணெயில் எரூசிக் அமிலம் மிகுதி. பிண்ணாக்கில் குளுக்கோசினோலேட்டு மிகுதி. சாஸ்கட்டூனில் கீத் டவுனி, மனிடோபா பல்கலைக் கழகத்தில் பால்டர் ஸ்டெபான்சன் ஆகிய பயிர் அறிஞர் இருவரும் தத்தம் குழுவினருடன் பல்லாண்டு உழைத்தனர். எரூசிக் அமிலம் குறைந்த விதை ஜெர்மானிய வகை ஒன்றிலும், குளுக்கோசினோலேட்டு குறைந்த விதை ‘பிரனோவ்ஸ்கி’ என்னும் போலந்து வகையிலும் கிடைத்தன. இரண்டு நற்குணங்களையும் ஒரே செடியில் சேர்த்து, 1974ஆம் ஆண்டு ஸ்டெபான்சன் ‘டவர்’ என்னும் வகையை வெளியிட்டார். 1978ஆம் ஆண்டு இத்தகைய விதைக்குக் ‘கனோலா’ என்று பெயர் சூட்டினர். அதன்பின் பிண்ணாக்கின் நிலையே மாறிற்று. கோழிக்கும் பன்றிக்கும் அஞ்சாமல் இடலாயினர். மேலும் ஆராய்ந்து புரதத்தை மட்டும் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். அதனை மனித உணவில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டு அனுமதி வழங்கியது.

அப்புரதத்தின் தரம் இழிந்ததன்று. கோதுமை, அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் இதில் நல்லளவில் உண்டு. பருப்பு வகைகளில் குறைவாக உள்ள கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்களும் நிறைந்துள்ளன. சோற்றுக்கும் பருப்புக்கும் ஒருங்கே துணையாகக்கூடிய புரதம் அது.

நம் நாட்டுக் கடுகின் நிலை என்ன? வழக்கமான இந்தியக் கடுகெண்ணெயில் எரூசிக் அமிலம் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை இருக்கும். கனோலாவில் 2 பங்குக்கும் குறைவு. இக்காரணத்தாலேயே அமெரிக்க நாட்டில் கடுகெண்ணெயைச் சமையல் எண்ணெயாக விற்க அனுமதி இல்லை. நம் மாநிலத்தின் பரத்பூரை அடுத்த சேவரில் 1993ஆம் ஆண்டு முதல் கடுகுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. தில்லி பூசா வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் இரு குறைகளும் நீங்கிய ‘பூசா டபுள் ஜீரோ மஸ்டர்டு 31’ என்னும் இந்தியக் கடுகு வகையை உருவாக்கியுள்ளனர். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. குளுக்கோசினோலேட்டு குறைந்தால் காரமும் குறையும். மூக்கில் ஏறும் காரத்துக்காகவே கடுகெண்ணெயை வாங்குகிறவர் காரமற்ற எண்ணெயை எளிதில் ஏற்பாரோ? நாவுக்கு வேண்டியது ஒன்று, பிண்ணாக்குக்கு வேண்டியது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே விதை நிறைவேற்றுவது அரிதாக இருக்கிறது.

இது நிற்க. உலகக் கணக்கை விட்டு நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். இதன்பொருட்டே மாதர் பிரிவினர் எம்மை இங்கே நிறுத்தினர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ஆம் ஆண்டு வகுத்த அளவுப்படி, 65 கிலோ எடையுள்ள ஆடவர்க்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்டிர்க்கு 46 கிராம் வேண்டும். கருவுற்றவர்க்கும் பாலூட்டுவோர்க்கும் அதற்கும் மேல். ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு 23 கிராம். இப்போது நம் சமையலறையைப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி கடுகெண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு, புரதம் இல்லை. நல்லெண்ணெயும், தேங்காயெண்ணெயும், நெய்யும் இவ்வகையில் அதற்குச் சளைத்தவை அல்ல என்பதையும் நடுநிலையோடு கூறிவிடுகிறோம். தாளிதத்தில் ஒரு தேக்கரண்டிக் கடுகு, அதாவது 3 கிராம் அளவில் இட்டாலும் அதில் முக்கால் கிராம் புரதமே. அதையும் வீட்டார் அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் 30 கிராம் துவரம்பருப்பில் 6 முதல் 7 கிராம் வரை புரதம் உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு தம்ளர் பாலிலும் அவ்வளவே.

பருப்பு விலை ஏறும் திங்களில் நம் வீடுகளில் நிகழ்வது யாது? சாம்பார் நீர்த்துப் போகிறது. பருப்புப் பொடி டப்பா காலியாகிறது. ஆனால் எண்ணெய் டின் மட்டும் குறைவின்றி வாங்கப்படுகிறது. மாலைதோறும் பஜ்ஜியும் அப்பளமும் பொரிகின்றன. வயிறு நிறைகிறது, குழந்தையின் முகமும் பளபளக்கிறது. அதைக் கண்டு, ‘எண்ணெய் நன்றாக ஒட்டியிருக்கிறது’ என்று மகிழ்கிறோம். புரதத் தட்டுப்பாடு பசியைப் போல வயிற்றைக் கிள்ளிக் காட்டாது. அது சுவர் ஓரத்தில் நிறுத்தி உயரம் குறிக்கும்போதுதான் தெரியும். வீட்டாருக்கெல்லாம் பரிமாறிவிட்டு அடிப்பாத்திரத்துக் குழம்பில் தெளிவை மட்டும் ஊற்றிக்கொண்டு உண்ணும் தாய்மாரிடத்தே அது இன்னும் ஆழமாகப் புகுந்துவிடும். இல்லத்தில் எவருக்கும் தெரியாமலே இது நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் எம் கவலை.

இன்னொரு செய்தியையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பக்கம் பிரமதண்டு என்று கூறப்படும் முட்செடியின் விதை கடுகைப் போலவே தோற்றமளிக்கும். 1998ஆம் ஆண்டு தில்லியில் அவ்வெண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டு கால் வீங்கி, மூச்சுத் திணறி, அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விதையின் நன்மையாகிய புரதம் எண்ணெயோடு வருவதில்லை. அச்செடியின் நஞ்சோ எண்ணெயோடு வந்துவிடுகிறது. கடுகெண்ணெயோடு வேறு எண்ணெய் கலந்து விற்பதை 2021 ஜூன் 8ஆம் நாள் முதல் அரசு தடை செய்திருக்கிறது. ஆகவே விலை மலிவென்று திறந்த டின்னில் அளந்து ஊற்றுவதை வாங்காதீர்கள், முத்திரையிட்டதையே வாங்குங்கள்.

கடுகெண்ணெயை விலக்குங்கள் என்று யாம் கூறவில்லை. அளவோடு உண்ணும் எண்ணெய் உடலுக்கு வேண்டியதே. இவ்வூர் உணவின் மணமும் அதுவே. அதனை உரமூட்டும் உணவென்று எண்ணி, பருப்புக்குரிய பணத்தை அதற்குச் செலவிட வேண்டா என்பதே எமது வேண்டுகோள். கடுகு நமக்குத் தரும் மற்றொன்றையும் மறவாதீர்கள். பனிக்காலத்தில் இவ்வூர்ச் சந்தையில் கட்டுக் கட்டாகக் குவியும் கடுகுக் கீரை நூறு கிராமில் ஏறத்தாழ 3 கிராம் புரதமும், அதனோடு இரும்புச் சத்தும், சுண்ணாம்புச் சத்தும் உண்டு. பஞ்சாபியர் அதனைக் கடைந்து மக்காச்சோள ரொட்டியோடு உண்கின்றனர். நாம் பாசிப்பருப்புச் சேர்த்துக் கூட்டாகச் செய்யலாம். எம் இல்லத்தில் அது நன்றாகவே செலவாகிறது. வங்காளத்து நண்பர்கள் கடுகை முழுதாக அரைத்து மீனோடு சேர்க்கின்றனர். அவ்வழியில் விதையின் புரதம் வீணாவதில்லை. நாமும் பச்சடியில் கடுகை அரைத்துச் சேர்க்கும் பழக்கத்தைக் கைவிடாதிருப்போமாக.

நிறைவாகச் சங்கத்தாரின் ஆய்வுக்கு மூன்று யோசனைகளை வைக்கிறோம். முதலாவது, அறுவடைக் காலத்தில் கடலையும் துவரையும் மண்டியில் மொத்தமாக வாங்கிக் காலனிக் குடும்பங்களுக்கு அடக்க விலையில் பங்கிடச் சங்கம் முன்வர வேண்டும். கோட்டா மண்டி நமக்கு அருகிலேயே இருக்கிறது. மூட்டை தூக்க ஆளும் நம்மிடம் உண்டு. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்கு இதுகாறும் வழங்கி வரும் பொரித்த பண்டத்துக்கு மாற்றாகச் சுண்டல் வழங்கலாம். நவராத்திரிக்கு ஒன்பது நாளும் சுண்டல் செய்யும் நம் பெண்டிர்க்கு இது புதிய கலை அன்று. மூன்றாவது, அவ்வகுப்பிலேயே ஆறு திங்களுக்கு ஒரு முறை குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் குறித்து வைக்க ஓர் ஏடு திறக்கலாம். கணக்கு எழுதும் பணியை யாமே ஏற்றுக்கொள்கிறோம். அதில் எமக்குப் பழக்கம் உண்டு.

உலக நாடுகளின் பட்டியலில் கடுகெண்ணெய்க்கு எதிரே நிற்கும் சுழியத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் காலனிக் குழந்தைகளின் தட்டில் அச்சுழியம் விழாமல் காப்பது நம் கையிலேயே இருக்கிறது. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!